பரிசல் நின்ற துறை

என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் முல்லையாற்றுக்கு இந்தக் கரை. பிறந்த ஊர் அந்தக் கரை. துறையில் நின்று உரக்கக் கூப்பிட்டால் அங்கே துணி துவைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான் தூரம். அந்த ஐப்பசியில் ஆறு பெருக்கெடுத்து, சந்தைக்குப் போன பரிசல் கவிழ்ந்துவிட்டது. ஊர் முன்சீபு எங்கள் துறையை மூடச் சொல்லிவிட்டார். அதே வாரத்தில் என் ஆத்தா செத்துப்போனாள்.

அக்கரையிலிருந்து அண்ணன் கத்திச் சொன்னதைக் கேட்டுவிட்டு, வெள்ளம் பார்க்கப் போன பக்கத்துத் தோட்டக்காரர் ஓடிவந்து சொன்னார். எங்கள் பக்கத்தில் மகள் வாய்க்கரிசி போடாமல் தாயை எடுப்பது வழக்கமில்லை. ஒரு பிடி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டேன். மூடிய துறைக்குப் போய் என்ன செய்ய? மேலே எங்காவது பரிசல் ஓடாதா என்று ஆற்றோரமாகத் தெற்கே நடந்தேன். ஆற்றை, முன்சீபை, என் தலையெழுத்தை, எல்லாவற்றையும் வைதுகொண்டே போனேன். வீட்டுக்காரர் பின்னால் வந்தார்.

அடுத்த துறையில் பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். "தண்ணி இழுக்குது தாயி, எமனுக்கு நானே ஆள் புடிச்சுக் குடுக்கவா?" என்று பரிசல்காரர் குடிசைக்குள் போய்விட்டார்.

"நம்ம தொறைக்கே திரும்பிப் போயி இருப்போமே. தண்ணி வடியட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

"வடியிற வரைக்கும் செத்த ஒடம்பு கெடக்குமா? ஒங்க ஆத்தான்னா இப்பிடிச் சொல்லுவீகளா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே நடந்தார்.

உச்சி வெயிலில் இன்னொரு துறை. அங்கிருந்த பரிசல்காரரும் முதலில் முடியாது என்றார். முந்தானை முடிச்சைக் காட்டினேன். பரிசலைத் தண்ணீரில் தள்ளினார். வெள்ளம் எங்களைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு போய் அக்கரையில் யாருடைய நெல்வயலிலோ தள்ளியது. சேற்றிலிருந்து எழுந்து ஓடினேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். மழித்த தலையோடு உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்கனத்தா போன? தொறைய மூடிட்டாக, ஒன்னால வர முடியாது, நீ அந்தக் கரையில வந்தாவது நிப்பேன்னுதான் ஆத்தாவப் பாடையோட தூக்கிட்டு நம்ம தொறைக்கே வந்தோம். எறக்கி வச்சு, மொகத்தத் தெறந்து, அந்தக் கரையப் பாக்கத் திருப்பி வச்சோம். தொண்டை கிழியக் கூப்பிட்டோம். மேகம் கருத்த பெறகுதான் எடுத்தோம். ஒரு ஈ காக்கா வரலையே!"

முடிச்சை அவிழ்த்தேன். அரிசி நனைந்து ஊறியிருந்தது. அதை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

மூடிக் கிடந்த எங்கள் துறையில் சும்மா நின்றிருந்தாலே ஆத்தாவைப் பார்த்திருப்பேன்.