என் வீட்டுக்காரரின் நாக்கும் காசு மீனும்

என் வீட்டுக்காரர் அற்புதசாமிக்கு ஊரில் நல்ல பேர். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூலில் டிராயிங் வாத்தியார். குடி கிடையாது, பீடி கிடையாது, யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். "உனக்கென்ன குறைச்சல் சகாயம்மா?" என்று மேலப்புதூர் மாதா கோயிலுக்கு வருகிற பெண்கள் கேட்பார்கள். என் குறைச்சல் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம், இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி.

மீன் வளர்க்க ஆசைப்படுகிறவன் என்ன செய்வான்? காவிரியில் நாலு குஞ்சைப் பிடித்து, காவிரித் தண்ணீரிலேயே விட்டு, தன் பாட்டுக்குக் கிடப்பான். இவருக்கு அது போதாது. ஐம்பத்தேழாம் வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனோம். நான் மாதாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்; இவர் உப்பங்கழியில் வலை போடுகிறவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரூபாய்க் காசு அகலத்தில் மஞ்சள் மீன், விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. காசு மீன் என்றான் அவன். ஆறு மீனை மண்பானையில் போட்டுத் திருச்சி வரைக்கும் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பானை அவர் மடியில், மூட்டை முடிச்செல்லாம் என் தலையில்.

கழி மீனுக்கு ஆற்றுத் தண்ணீரும் ஆகாதாம், கடல் தண்ணீரும் ஆகாதாம். இரண்டுக்கும் நடுவில் உப்புக் கரிக்க வேண்டுமாம். அதை அளக்க இவரிடம் இருந்த ஒரே கருவி நாக்கு. தினம் காலையில் ஜெபம் முடிந்ததும் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"ரசத்து உப்பு இருக்கணும் சகாயம். அவ்வளவுதான்" என்பார்.

குறைந்தால் ஒரு பிடி கல் உப்பு, கூடினால் ஒரு குடம் நல்ல தண்ணீர். அந்தக் குடத்தைத் தெருக்குழாயில் வரிசையில் நின்று சுமந்து வருவது யார்? நான்தான். பழைய லாரி டியூப் ஒன்றில் சைக்கிள் பம்பால் காற்றடித்து வைத்தால், சின்னக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் குமிழி குமிழியாகப் போகும். பம்ப் அடித்ததும் நான்தான். ஆனால் அதே நாக்கை என் சமையலுக்கும் கொண்டுவருவார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "குழம்புல ஒரு கல்லு கூடிடுச்சு." ஒரு கல்! எண்ணிப் பார்த்தாராக்கும்.

மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து கறுப்பு மோலி மீன்களும் வந்து சேர்ந்தன. அதுகளும் உப்புத் தண்ணீரில் நன்றாகத்தான் இருந்தன. காசு மீனில் ஒரு ஜோடி ஓட்டுச் சில்லின் மேல் முட்டை வைக்கும். அப்பனும் ஆத்தாளுமாக இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக்கொண்டே நிற்கும். இவர் ஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதையே பார்ப்பார். மூன்றாம் நாள் முட்டை காணாமல் போயிருக்கும். பெற்றதே தின்றுவிடும். இப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அன்று ராத்திரி சாப்பிடமாட்டார். நான் ஆக்கிய சோறு என்ன பாவம் செய்தது?

அறுபத்தொன்றாம் வருஷம் தபசு காலம் பிறந்தது, பாஸ்கு என்கிற ஈஸ்டர் வரைக்கும் பிடித்ததில் ஒன்றை விட்டு நோன்பிருக்கிற நாற்பது நாள். விபூதிப் புதன் பூசை முடிந்து வந்ததும், "இந்தத் தபசுக்கு எதை விடலாம்?" என்று யோசித்தார். அன்று காலையில்தான் கஞ்சியில் உப்பைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"எல்லாரும் கறியத்தான் விடறாங்க. நீங்க உப்ப விடுங்க பாப்போம். நாப்பது நாள்" என்றேன்.

"சரி. இந்தத் தடவை குஞ்சு பிழைக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டு விடறேன்" என்றார்.

"பாஸ்குக்குள்ள ஒரு குஞ்சாவது பிழைக்கலேன்னா தொட்டி வீட்டுல இருக்கக்கூடாது. டோரதி டீச்சர் ரொம்ப நாளாக் கேக்கறாங்க, அவங்க ஸ்கூலுக்குக் கொடுத்துடணும்."

"கொடுத்துடறேன்." மனிதர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அன்றிலிருந்து அவருக்கு உப்பில்லாச் சோறு, உப்பில்லாக் குழம்பு. முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். மூன்றாம் வாரம் ஜோடி மறுபடி முட்டை வைத்தது. இந்தத் தடவை தின்னவில்லை. பொரித்த குஞ்சுகள் தலைப்பிரட்டை மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. எனக்கே, உள்ளதைச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் விரலை நக்கிவிட்டு, "கரிக்குது சகாயம். வெயில் ஏறிடுச்சில்ல, தண்ணி சுண்டுது" என்றார். இரண்டு குடம் எடுத்துவிட்டு இரண்டு குடம் நல்ல தண்ணீர் விட்டார். அடுத்த வாரமும் கரித்தது. மோலிகள் இருந்த இடத்திலேயே நடுங்க ஆரம்பித்தன. குஞ்சுகள் மேல் பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்தது. "உப்பு கூடித்தான் இப்படி ஆகுது" என்று இன்னும் மூன்று குடம். என் இடுப்பு ஒடிந்தது.

ஒரு நாள் மட்டும் அவருக்கே சந்தேகம் வந்தது. "நீ ஒரு தடவை நாக்குல வெச்சுப் பாரேன்" என்றார்.

"மீன் குளிச்ச தண்ணிய நான் குடிக்கணுமாக்கும்! போங்க, வேலையப் பாத்துக்கிட்டு" என்றேன்.

பெரிய வெள்ளிக்குள் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மோலிகள் போயின. அந்த ஜோடியில் ஆண் மல்லாந்தது. மிச்சம் ஐந்து காசு மீன், அதுகளும் செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில். இவர் டோரதி டீச்சருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளும்படி.

பாஸ்கு ஞாயிறு. நாற்பது நாளைக்கும் சேர்த்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். எப்போதும் போடுகிற உப்புதான். ஒரு வாய் வைத்ததும் முகம் கோணிப் போயிற்று.

"என்ன சகாயம், உப்ப அள்ளிக் கொட்டிட்டியா? வாயில வைக்க முடியல!"

நல்ல நாளும் அதுவுமாக! "எனக்குச் சரியாத்தானே இருக்கு! நாப்பது நாள் உப்பில்லாம தின்ன நாக்குக்கு எல்லாம் கரிக்கத்தான் செய்யும்!" என்று கத்தினேன்.

கத்தி முடிக்கவில்லை, அவர் கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தோம்.

எச்சில் கையோடு நானே எழுந்து போனேன். மற்றக் கை விரலை விட்டு நாக்கில் வைத்தேன். ரசத்து உப்பாவது மண்ணாவது! பச்சைத் தண்ணீர். நான் சுமந்து சுமந்து கொட்டிய குழாய்த் தண்ணீர். அன்றைக்கு அவர் கேட்டபோது ஒரு துளி வைத்துப் பார்த்திருந்தால் குஞ்சு பிழைத்திருக்குமே!

மறுநாள் டோரதி டீச்சர் கை வண்டியோடு வந்து நின்றார். இவர் டியூபைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "உப்பு மட்டும் கவனிச்சுக்குங்க டீச்சர். தினம் நாக்குல வெச்சுப் பாக்கணும். ரசத்து உப்பு" என்றார்.

டீச்சர் சிரித்தார். "நான் உப்பைக் கண்டு ஒரு வருஷம் ஆச்சு சார். ரத்தக் கொதிப்புன்னு டாக்டர் நிறுத்திட்டார்."

"அப்ப தொட்டி கிடையாது!" என்றேன்.

"வாக்குக் கொடுத்துட்டேன் சகாயம்" என்றார் இவர்.

"நீங்கதானே கொடுத்தீங்க? நான் கொடுக்கல. வண்டியத் திருப்பச் சொல்லுங்க. என் நாக்கு நல்லாத்தான் இருக்கு."

டீச்சர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. குஞ்சு இன்னும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நீதானே உப்பை விடச் சொன்னாய் என்று இந்த மனிதர் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பேன். தினம் காலையில் ஜெபம் முடிந்ததும் உப்பு ஜாடியோடு தொட்டி பக்கத்தில் வந்து நிற்கிறார். நான் விரலை விட்டு நாக்கில் வைத்து, த்தூ என்று துப்பிவிட்டு, இன்னும் அரைப் பிடி என்கிறேன்.