ஆணி வைத்த துப்பாக்கி

ஊரில் அவருக்குத் துப்பாக்கி டாக்டர் என்று பெயர். தொழில் என்னவோ பல் வைத்தியம்தான். மற்ற டாக்டர்கள் மீன் தொட்டி வைக்கும் இடத்தில் இவர் ஒரு கண்ணாடி அலமாரியை வைத்து, அதற்குள் பழங்காலத் துப்பாக்கிகளை அடுக்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் உரிமம் உண்டு, எதிலும் வெடிமருந்து கிடையாது. அது தெரியாமல், கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்த இடத்தில் அலமாரியைப் பார்த்துவிட்டு, வலி போய்விட்டது என்று நடையைக் கட்டியவர்கள் உண்டு.

சுடுவதில் அவருக்கு ஆசையே இல்லை. தெருவில் டயர் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற ஆள். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இது யார் கையில் இருந்தது? கை மாறி வந்த கதை தெரியாத துப்பாக்கி தங்கத்தில் இழைத்திருந்தாலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் அவர் மனைவிக்கு இதில் ஒரு தீராத குறை.

"என்னைக் கட்டிக்கறப்பகூட நீங்க இவ்வளவு விசாரிக்கல" என்பார்.

அலமாரியில் அவர் உயிரை வைத்திருந்தது ஒரு கைத்துப்பாக்கியின் மேல். ஆற்றுக்குப் பாலம் வருவதற்கு முந்தைய காலத்தில், வரி கட்ட முடியாத குடும்பங்களைப் பிடித்துப்போகக் கோட்டையிலிருந்து படை வந்தது. படகுக்காரர் அத்தனை பேரையும் படகில் ஏற்றி, துடுப்பைத் தன் மகளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, தான் மட்டும் துறையில் நின்றுகொண்டார். கையில் துப்பாக்கி. முதலில் வருகிறவனைச் சுடுவேன் என்றாராம். முதலில் போக எவனுக்கும் மனம் வரவில்லை. படகு அக்கரை சேர்ந்த பிறகுதான் படைத்தலைவனே துணிந்து முன்னால் வந்தான். படகுக்காரர் விசையை இழுத்தார், வெடிக்கவில்லை. அவரைக் கோட்டைக்கு இழுத்துப் போனார்கள், திரும்பி வரவேயில்லை.

பாவம், நேரம் சரியில்லை என்று ஊரே இன்றைக்கும் உச்சுக் கொட்டும். காலையில் கிளம்பாத ஸ்கூட்டரும் அவசரத்துக்கு எழுதாத பேனாவும் அங்கே 'படகுக்காரர் துப்பாக்கி'தான்.

பின்னாளில் கோட்டைச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு பூட்டுக்கடைக்காரர் எடுத்த துப்பாக்கி இது. அவர் வம்சத்தில் வந்த ஒருவர் பல் கட்டிக்கொள்ள வந்தபோது டாக்டருக்கு விற்றார். படகுக்காரருடையது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வந்தார்களாம். அந்த வாய்ப்பேச்சைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ஆதாரத்துக்கு இப்போது அவசரம் வந்துவிட்டது. டாக்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்து, கிளினிக்கை மூடப் போகிறார். எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். ஊர் அருங்காட்சியகத்தில் படகுத்துறைக்கென்று ஓர் அறை திறக்கப் போகிறார்கள். படகுக்காரருடையது என்று நிரூபணமானால் துப்பாக்கிக்கு அங்கே நடு இடம். இல்லாவிட்டால் அது வெறும் பழைய இரும்பு, யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் அலங்காரமாகத் தொங்கும்.

ஒருநாள் அருங்காட்சியகப் பொறுப்பாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். எதையும் சிரிக்காமல் பேசுகிற இளம்பெண். மேசைமேல் ஒரு படம் விரித்திருந்தது. படகுக்காரர் பிடிபட்ட அன்று கோட்டை அதிகாரி ஒருவர் வரைந்தது, வெளிநாட்டு ஆவணக் காப்பகத்திலிருந்து நகல் வந்திருக்கிறது.

"சார், எல்லாம் பொருந்துது. பிடி, குழல், பூவேலை எல்லாம். ஆனா இது மட்டும் உங்களதுல வேற மாதிரி இருக்கே?"

அவர் விரல் வைத்த இடத்தில் துப்பாக்கியின் குதிரை இருந்தது. விசையை இழுத்ததும் பாய்ந்துபோய் இரும்பில் மோதுகிற வளைந்த உறுப்பு அது. அதன் வாயில் கவ்வியிருக்கும் கல்தான் பொறியைக் கிளப்பும். படத்தில் குதிரை இருக்க வேண்டிய இடத்தில் வளைத்துச் செருகிய ஒரு படகு ஆணி இருந்தது.

அந்த ஆணியை டாக்டருக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கியை வாங்கிய புதிதில் அதைக் கழற்றியதே அவர்தான். பூட்டுக்காரர் பண்ணிய அரைகுறை வேலை என்று நினைத்து, எங்கெங்கோ தேடி அதே காலத்துக் குதிரை ஒன்றை வரவழைத்துப் பொருத்தினார். சொத்தைப் பல்லைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத கை அது. ஆணிக்கு அடியில் இருந்த கீறலையும் பளபளவென்று தேய்த்துவிட்டார்.

"அந்த ஆணியை என்ன பண்ணீங்க?"

"தூக்கிப் போடச் சொல்லிட்டேம்மா."

கிளினிக்குக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, நர்ஸம்மாவிடம் கேட்டார். ஆரம்பம் முதல் அவரோடு வேலை பார்ப்பவர்.

"நீங்க சொன்னா நான் போட்டுடுவேனா டாக்டர்? நல்ல இரும்பு. ஜன்னல் கொக்கி ஒடைஞ்சிருந்துச்சு, அதுக்கு மாட்டினேன்."

தினமும் காலையில் வந்ததும் அந்த ஜன்னலைத் திறப்பது டாக்டர்தான்.

ஆணி கிடைத்துவிட்டது. ஆனால் பொறுப்பாளர் அசைந்து கொடுக்கவில்லை.

"படத்தைப் பாத்துட்டு யார் வேணா ஒரு ஆணியை வளைச்சுக் கொண்டு வரலாமே சார். நான் உங்களை நம்பறேன், ஆனா கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று தன் கையாலேயே சாட்சியைப் பிடுங்கிப் போட்டதை நினைத்து டாக்டருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பிடுங்கியது என்ற சொல் மனதில் ஓடியதும் சட்டென்று நின்றார். எதையும் பிடுங்குவதற்கு முன்னால் அச்சு எடுத்து வைப்பது அவருடைய பழக்கம். பல்லோ, வேறெதுவோ, அச்சு எடுக்காமல் கை வைக்க மாட்டார்.

பரணில் வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த வெள்ளைப் பல்வரிசைகளையெல்லாம் அவரும் நர்ஸம்மாவும் இறக்கினார்கள். ஊரில் பாதிப் பேர் அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தார்கள். அடியில் அது இருந்தது, பல் அச்சு மாவில் வார்த்த துப்பாக்கியின் ஒரு பக்கம். ஆணி அதன் இடத்தில் இருந்தது. அடியில் அவர் தேய்த்துப் போக்கிய கீறலும் அப்படியே பதிந்திருந்தது. அச்சின் பின்புறம் தேதி எழுதி வைத்திருந்தார், படம் இந்த நாட்டுக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முந்திய தேதி.

பொறுப்பாளர் படத்தையும் அச்சையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். டாக்டர் புதுக் குதிரையைக் கழற்றி, நடுங்கும் கையாலேயே ஆணியைப் பொருத்தினார். அது சொன்னபடி போய் உட்கார்ந்தது.

பொறுப்பாளர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"சார், இதுல கல்லை எங்க வைக்கறது?"

"வைக்க முடியாதும்மா. வெறும் ஆணிதானே, கவ்வறதுக்கு வாய் கிடையாது. அதனாலதான் நான் மாத்தினேன்."

சொல்லிவிட்டு டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் கையில் வைத்துத் துடைத்த பொருள், ஒருநாளாவது இது உறைத்ததா? ஆணியைச் செருகியது பூட்டுக்காரர் இல்லை. பிடிபட்ட அன்றைக்கே அது துப்பாக்கியில் இருந்திருக்கிறது. படகு ஆணி யார் கையில் இருக்கும்?

"அப்ப அது வெடிக்காதுன்னு..."

"அவருக்குத் தெரியும்மா. தெரிஞ்சேதான் நின்னிருக்கார்."

டாக்டருக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். கல்லூரி முடிந்து அவரை அழைத்துப்போக வந்திருந்த மனைவி, வாசலில் ஸ்கூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கிளம்ப மாட்டேங்குது. சரியான படகுக்காரர் துப்பாக்கி."

"அப்படிச் சொல்லாதே" என்றார் டாக்டர். "அந்தத் துப்பாக்கி தன் வேலையை முடிச்சிடுச்சு. உன் வண்டிதான் முடிக்கல."

மனைவி ஒன்றும் புரியாமல் அவர் முகத்தைப் பார்த்தார். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். பாலத்தின் நடுவில் வந்ததும் டாக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி, அக்கரை எவ்வளவு தூரம் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.