சீன ராஜாவின் இரட்டை முடிச்சு

தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் செக்டர் தமிழ் நாடகக் குழுவில் பதினோரு வருஷம் நான்தான் ராஜா. மற்ற நாட்களில் ஓர் அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். பொங்கல் விழா வந்தால் ராஜா. பாண்டியனோ பல்லவனோ, கிரீடம் என் தலைக்குத்தான் வரும். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்கும்படி நான் விட்டதும் இல்லை.

எங்களுக்கு நாடகம் எழுதித் தந்தவர் சீன மொழி தெரிந்தவர். சீனாவோடு சண்டை நடந்த பிறகு அலுவலகமே அவரைப் படிக்க அனுப்பியிருந்தது. எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், பாண்டியர்கள் போதும் என்று சொல்லி, பழங்காலச் சீனத்தின் சௌ வம்சத்தைக் கையில் எடுத்தார். நொடித்துப்போன வம்சம். பேருக்கு ஒரு ராஜா இருப்பான், நாடெல்லாம் சிற்றரசர்கள் கையில் இருக்கும். எவன் எந்த ஊரைப் பிடித்தாலும் ராஜாவிடம் வந்து சொல்வான், ராஜா தலையை ஆட்டுவான்.

"அவ்வளவுதான் சார் அவன் உத்தியோகம்" என்றார். நாங்கள் எல்லாரும் அரசாங்க ஊழியர்கள். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த வம்சத்தில் ஒரு ராஜாவுக்குப் பட்டத்து இளவரசன் செத்துப்போகிறான். ராஜாவுக்கு இன்னொரு மகன்மேல் உயிர். அவனுக்கே பட்டம் என்று மனதில் வைத்திருந்தவன், வாயைத் திறந்து அறிவிப்பதற்குள் கண்ணை மூடிவிடுகிறான். அப்புறம் பிள்ளைகள் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். சரித்திரம் இதுதான். ஜனங்கள் குழம்பிப்போவார்கள் என்று எங்கள் எழுத்தாளர் அதை மாற்றினார். நாடகத்தில் கிழ ராஜா சாவதற்கு முன் தன் கிரீடத்தைக் கழற்றி மகன் தலையில் வைத்து, "மகனே, இனி இந்தப் பாரம் உன்னுடையது" என்று சொல்ல வேண்டும். அது மூன்றாவது காட்சி. மொத்தம் ஒன்பது. மிச்சம் ஆறு காட்சியிலும் மகன்தான் ராஜா.

கிழ ராஜா வேஷம் எனக்கு. மகன் வேஷம் மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்திருந்த ஒருவனுக்கு. அவர் என்று எழுத இன்றும் கை வரவில்லை.

ஒத்திகை என் குவார்ட்டர்ஸின் முன்னறையில்தான் நடக்கும். அவன் வசனத் தாளைக் கையில் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை படித்தால் போதும், வந்துவிடும். நான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்து மனப்பாடம் செய்தவன். பக்கத்து வீட்டு சர்தார்ஜி தமிழில் ஒரு சொல் தெரியாதவர், அவன் பேசினால் வந்து வாசலில் நின்று கேட்டார். நம்மூர்ச் சாமான் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் போனால் யாரும் சொல்லாமலே எங்கள் வீட்டுக்கும் அப்பளம் வாங்கி வருவான். என் மனைவி அவனுக்கு மூன்றாம் முறை ரசம் ஊற்றினாள். எனக்குக் கேட்டால்தான் இரண்டாம் முறை. வயிறு எரிந்தது. அவனிடம் ஒரு குறையாவது கிடைத்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

சீன ராஜாவின் கிரீடம் நம்முடையதைப் போல் இல்லை. தலைமேல் தட்டையாக ஒரு பலகை, அதன் முன்னும் பின்னும் மணிச்சரங்கள் தொங்கும். பழைய தில்லிக் கடையில் ராம்லீலாக் கிரீடங்கள்தான் வாடகைக்குக் கிடைத்தன. கடைசியில் எங்கள் குழுச் செயலாளரின் மனைவி, தன் வீட்டு வாசலில் தொங்கிய பாசிமணித் திரையை அவிழ்த்துக் கொடுத்தார். நாடகம் முடிந்த கையோடு மணிகள் திரும்ப வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. ராஜா சின்னச் சின்னக் குற்றங்களைப் பார்க்கக் கூடாது, அதனால்தான் கண்ணுக்கு முன்னால் மணி என்றார் எழுத்தாளர். கிரீடம் நழுவாமல் இருக்கத் தாடைக்கடியில் ஒரு நாடா. ஒத்திகையில் அதைச் சுருக்கு முடிச்சாகப் போடுவேன். ஒரு இழுப்பில் அவிழ்ந்துவிடும்.

விழா அன்று, பள்ளிக்கூட ஹாலுக்குப் பின்னால் இருந்த அறையில், அதை இரட்டை முடிச்சாகப் போட்டேன்.

மூன்றாவது காட்சி வந்தது. நான் படுக்கையில் கிடந்தேன். அவன் மண்டியிட்டுத் தலையைக் குனிந்து காத்திருந்தான். மணிகளுக்கு இடையில் அவன் சுருட்டை முடி தெரிந்தது. நான் இருமினேன். மறுபடி இருமினேன். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர், "மகனே, இனி இந்தப் பாரம்..." என்றார். இரண்டாம் தடவை அவர் சொன்னது முன்வரிசைக்கே கேட்டிருக்கும். நான் கிரீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செத்துப்போனேன்.

இனி என்ன செய்வான் பார்க்கலாம் என்று கண்ணை மூடியபடி கிடந்தேன். அவன் என் நெற்றியில் விழுந்திருந்த மணிச்சரத்தை மெதுவாக ஒதுக்கினான்.

"தந்தையே, இந்த முடி உங்களோடே இருக்கட்டும். நாடே இல்லாதவனுக்கு மணிமுடி எதற்கு? பாரத்தை மட்டும் நான் சுமக்கிறேன்" என்றான்.

கைதட்டல் எழுந்தது. அதைப் பிணமாகக் கிடந்து கேட்டவன் நான். மிச்சம் ஆறு காட்சியும் வெறுந்தலையோடு நடித்தான், ஒவ்வொரு காட்சிக்கும் கைதட்டல். பின்னறை நாற்காலியில் கிரீடத்தோடு உட்கார்ந்து அத்தனையும் கேட்டேன்.

முடிந்ததும் எல்லாரும் உள்ளே வந்தார்கள். எழுத்தாளர் முகம் மலர்ந்திருந்தது. சரித்திரப்படி இதுதான் சரி, ராஜா சொல்லாமல்தான் செத்தான் என்றார். செயலாளர் என் தோளைத் தட்டி, "பரவாயில்ல சார், வயசானா வர்றதுதான்" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தாறு.

என்மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பொறாமையில் செய்தேன் என்று ஒருவன் சொல்லியிருந்தால் சண்டைக்காவது போயிருப்பேன். அவன்தான் டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"அண்ணே, நீங்க தடுமாறுறது தெரிஞ்சுச்சு. அதான் வாய்க்கு வந்ததச் சொல்லிச் சமாளிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

உண்மையைச் சொன்னால் நான் கெட்டவன். சொல்லாவிட்டால் கிழவன். எது மேல் என்று யோசிக்க ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்தான் இருந்தது.

"மறந்துபோச்சுப்பா" என்றேன்.

செயலாளரின் மனைவி மணிகளுக்காகக் காத்து நின்றார். என் மனைவி குனிந்து தாடைக்கடியில் நாடாவை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை. நகத்தால் நெருடினாள். ஒத்திகை நாளெல்லாம் அந்தச் சுருக்கு முடிச்சை அவிழ்த்துக் கிரீடத்தை எடுத்து வைத்தவள் அவள்தான்.

"இது யாருங்க போட்டது?" என்றாள்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வந்தாள்.

மறுவருஷம் வேஷம் பிரிக்கும் கூட்டம் எங்கள் முன்னறையிலேயே நடந்தது. அதே வம்சத்தின் கடைசி ராஜா கதை. என்னை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பேச்சை எடுத்தவன் அவன்தான்.

"அண்ணன விட்டுட்டு எப்படி? வசனம் இல்லாத வேஷமா ஒண்ணு எழுதுங்க சார்."

எழுத்தாளருக்கு அது பிடித்துப்போயிற்று. அந்தக் கடைசி ராஜாவையே எனக்குக் கொடுத்தார். சிற்றரசர்கள் ஒவ்வொருவராக வந்து பிடித்த ஊரைச் சொல்வார்கள். அதில் பெரிய சிற்றரசன் வேஷம் மதுரைக்காரனுக்கு, வசனமெல்லாம் அவனுக்கே. "நீங்க சிம்மாசனத்துல உக்காந்து தலைய ஆட்டினா போதும் சார். சரிதானே?" என்றார்.

என் மனைவி காப்பித் தம்ளர்களோடு நடையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷத்து ஒன்பது காட்சி வசனமும், அவனுடையது உட்பட, எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்று அப்போது சொல்லியிருக்கலாம்.

தலையை ஆட்டினேன்.