மண்டோர் கிளறிய மணல்

பிரிக்பீல்ட்ஸில் கபிரியேலைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. ஆனால் எதற்காவது அடியில் அழுக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மட்டும் அவர் கை சும்மா இருக்காது. அது தொழில் கொடுத்த வியாதி. மீசை முளைக்கும் வயதில் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக, அதாவது மண்டோராகி, பென்ஷன் வாங்கும் வரைக்கும் அவர் ஓதிய வேதம் ஒன்றே ஒன்று: ஜல்லிக்குள் சேறு சேர்ந்தால் தண்டவாளம் உட்கார்ந்துவிடும், ஆகவே தோண்டு, சலி, திரும்பக் கொட்டு, இடித்து இறுக்கு. பூசையில் சாமியார் பாவமன்னிப்பைப் பற்றிப் பேசும்போதுகூட, 'மேலாக மன்னித்தால் போதுமா, அடியில் தோண்ட வேண்டாமா' என்கிற முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்.

இந்த வேதம் செல்லாத இடம் வீட்டில் ஒன்று உண்டு. மனைவி டோரிஸின் கடல்மீன் தொட்டி.

டோரிஸுக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. பகலெல்லாம் ஊரார் கத்தலைக் காதில் வாங்குகிறவளுக்கு, வாயே திறக்காத பிராணிகள் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீ கெம்பாங்கானில் மீன்கடை வைத்திருந்த நாகையாவிடம் தொட்டியை வாங்கினாள். உள்ளே பாறை, பவளம், அடியில் நாலு விரல் உயரத்துக்கு ரவை போல வெள்ளை மணல். ஒரு ஜோடி கோமாளி மீன். பெரியது பெண், நாள் முழுக்க அதிகாரம் பண்ணும். சின்னது ஆண், திட்டு வாங்கிக்கொண்டு ஒதுங்கும். சின்னதுக்கு டோரிஸ் வைத்த பெயர் கபிரியேல்.

கடல் தண்ணீருக்கு மாதாமாதம் போர்ட் டிக்சன் போக வேண்டும். "கேரி தீவுல என் தம்பி இருக்கான், அங்கேயே மொண்டுக்கலாமே" என்று கணவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"அது கடல் தண்ணியா? தே தாரிக். பால் டீ மாதிரி கலங்கிக் கெடக்கும்" என்றாள் டோரிஸ்.

மணல் விஷயத்தில் அவள் இன்னும் கறார். வாரத்துக்கு ஒருமுறை, பாலாடை எடுப்பது போல மேல் மணலை மட்டும் குழாயால் வருடுவாள்.

"அடியில புழு இருக்கு, கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. மீன் போடுற அழுக்கெல்லாம் அதுங்கதான் தின்னு தீர்க்குது. அது அதுங்க வீடு. நீங்க கை வைக்காதீங்க."

"புழுவுக்குச் சொந்த வீடு. நமக்கு வாடகை வீடு" என்பார் கபிரியேல்.

அப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை தொட்டியின் கண்ணாடி ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. மணலுக்கு அடியில், நீளமாக. வேறு யாராக இருந்தாலும் பேப்பரை எடுத்துப் படிக்கப் போயிருப்பார்கள். கபிரியேலுக்கு அது பத்துமலைப் பக்கம் மழையில் சேறு ஏறிய லைன் மாதிரியே இருந்தது. டோரிஸ் கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். மறுநாள் அவள் பிறந்தநாள் வேறு. வந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கட்டுமே!

அகப்பைக் காம்பைக் கழுவிக்கொண்டு வேலையில் இறங்கினார். ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலை வரைக்கும், ஒரு விரல் இடம் விடாமல், அடி வரைக்கும் குத்திக் கிளறினார். மண்டோர் வேலையில் குறை சொல்ல முடியாது.

மணல் கறுப்பாகக் கிளம்பியது. கூடவே ஒரு நாற்றம், அழுகிய முட்டையை மூக்குக்கு நேரே உடைத்த மாதிரி. கலங்கல் கொஞ்சம் விலகியபோது இரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பெரியது ஒருக்களித்துச் சாய்ந்தது.

கபிரியேல் போனுக்கு ஓடினார்.

"நாகையா, மீன் மூச்சு வாங்குது!"

"மணல கிளறினீங்களா அண்ணே?"

"லேசா."

"லேசான்னா?"

"அடி வரைக்கும்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அடியில அடஞ்சிருந்த விஷக்காத்த அவுத்து விட்டுட்டீங்க. அக்கா டிரம்ல கடல் தண்ணி வச்சிருப்பாங்க. வாளியில ஊத்தி, காத்து மோட்டாரப் போட்டு, மீன உடனே மாத்துங்க. ஓடுங்க லா!"

டோரிஸ் திரும்பி வந்தபோது, கபிரியேல் வாளிக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டிருந்தார். கோயிலில்கூட அவர் அப்படி முட்டி போட்டு அவள் பார்த்ததில்லை. தொட்டியைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த அகப்பையைப் பார்த்தாள்.

"சேறுன்னு நெனச்சேன்" என்றார்.

"காத்துப் படாத இடம் கறுப்பாத்தான் இருக்கும். மூடியிருந்தா அதுபாட்டுக்கு வேல பாக்கும்." கத்தவில்லை. அதுதான் அவரை ரொம்பப் படுத்தியது. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். "பெரியது போயிட்டா சின்னது தனியா இருக்குமே" என்று மட்டும் சொல்லி, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வரைக்கும் இருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே பாசார் சந்தைக்குப் போகிறவர்கள் குரல் கேட்டபோது, பெரியது மெல்ல நிமிர்ந்தது. வாளியை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நேரே போய்ச் சின்னதை முட்டி விரட்டியது.

"திட்டுது! திட்டுது டோரிஸ்!" என்று கை தட்டினார் கபிரியேல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பவளத்தில் பாதி பிழைக்கவில்லை. தண்ணீரை மாற்றினார்கள். மணல் அடங்கும் வரைக்கும் மீன்கள் நாகையாவின் கடையில் விருந்தாளிகளாக இருந்தன. திரும்ப அழைத்துவரப் போனபோது, அவன் தன் பழைய தொட்டியிலிருந்து ஒரு கோப்பை மணல் அள்ளிக் கொடுத்தான்.

"உங்க தொட்டிப் புழு செத்திருக்கும். இதுக்குள்ள புழுவெல்லாம் உயிரோட இருக்கு. மேல வச்சா போதும், அதுங்களே குடியேறும்."

"கொஞ்சம் குழி தோண்டி..."

"அண்ணே!"

வீடு வரைக்கும் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் கபிரியேல். மீன்களைத் தொட்டியில் விட்டதும் அதை டோரிஸிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே வைங்க."

"நானா?"

"நீங்கதான். மெதுவா."

சட்டைக் கையை மடித்துவிட்டு, கையைத் தண்ணீருக்குள் இறக்கினார். பெரிய மீன் வந்து அவர் விரலைக் கொத்திப் பார்த்தது. மணலை மேலே வைத்தார். தட்டவில்லை, இறுக்கவில்லை. ஒரு புழு தலையை நீட்டி, இடம் பார்த்து, தானாகவே துளை போட்டு உள்ளே போயிற்று.

கபிரியேல் கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார்.

"போதும், எடுங்க. சாப்பாடு ஆறுது" என்றாள் டோரிஸ், அவர் முழங்கையைத் துண்டால் துடைத்தபடி.