சத்தம் வராத ஒன்பது நாட்கள்

என் அக்கா புருஷனை எல்லோரும் "சொட்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். கண்ணாடித் தொட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மேலேயிருந்து ஒரே ஒரு சொட்டு விழவிடுவார். படித்தவர்கள் அதன் சத்தத்தைப் பதிவு செய்வார்கள். இதற்கெல்லாம் சம்பளமா என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

சொட்டு விழுந்தால் தண்ணீரில் குழி விழும். குழி மூடும்போது அடியில் கடுகளவு காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். அது துடிப்பதுதான் நமக்குக் கேட்கும் 'டொளக்'. ஆனால் சில நாள் சத்தமே வராது. பேராசிரியர் மூன்று மைக் மாற்றிப் பார்த்துவிட்டார். மாத முடிவுக்குள் காரணம் தெரியாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். அத்தானுக்கும் வேலை போய்விடும்.

ஒரு மத்தியானம் அத்தானும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சமையலறைக் குழாய் ஒழுகி, கீழே வாளியில் டொளக், டொளக். அக்கா பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை அந்த வாளியில் ஊற்றினாள். சத்தம் பட்டென்று நின்றது. சொட்டு மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அத்தான் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

"ஐயையோ, நான்தான்டா!"

தொட்டியை வெந்நீரில் மட்டுமே கழுவ வேண்டும் என்பது அங்கே கறாரான விதி. இந்த மகாராஜா ரகசியமாகச் சோப்பு போட்டுத் தேய்த்திருக்கிறார். அதுவும் தினமும் இல்லை.

"உங்கக்கா மேல கோவம் வர்ற நாள்ல மட்டும்," என்று என் காதைக் கடித்தார். "எங்கயாச்சும் தேய்க்கணும்ல?"

"வாய மூடிட்டு இனிமே வெந்நீர்ல கழுவுங்க. சொன்னீங்க, சீட்டு கிழிஞ்சுடும்."

"அந்த மனுஷன் ரெண்டு வருஷமா மண்டைய உடைச்சுக்கறாருடா."

கேட்டால்தானே! நேரே போய் ஒப்புக்கொண்டார். பேராசிரியர் கத்தவில்லை, காலண்டரை எடுத்தார். கோப நாட்களை அத்தான் யோசித்து யோசித்துச் சொல்ல, சத்தமில்லாத நாட்களோடு அவை அச்சு அசலாகப் பொருந்தின. சோப்பு தண்ணீரின் மேற்பரப்பைத் தளர்த்திவிடும், குமிழ் மாட்டாது என்று கட்டுரை வந்தது. அத்தானுக்கு வேலை நிரந்தரமானது. விதியை மீறியதற்கு எச்சரிக்கைக் கடிதமும் அதே உறையில் வந்தது.

அக்காவைப் பெருமையாக ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். சுவரில் வரைபடம், அடியில் தேதிகள். சத்தம் வந்த நாளில் கோடு மேலே, வராத நாளில் தரையோடு.

"நம்ம சண்டையெல்லாம் செவுத்துல மாட்டிட்டாங்களா? மானம் போச்சு!" என்று சிரித்துக்கொண்டே அக்கா கோட்டின் மேல் விரலை நகர்த்தினாள். தரையோடு நீண்ட ஓர் இடத்தில் விரல் நின்றது. ஒன்பது நாள்.

"அப்ப நாம சண்டையே போடலயே. 'காலம் பூரா ஒரு சொட்டுதானா'ன்னு நான் கேட்டேன். கோவமே இல்லன்னு சொன்னீங்க."

அத்தான் தொட்டியைப் பார்த்தார். "தேய்ச்சுத் தேய்ச்சுக் கை தோலே உரிஞ்சு போச்சு," என்றார்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நாலு வார்த்த திட்டியிருக்கலாமேங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.