யசிந்தா வீட்டுப் புகை

யசிந்தாவின் தேத்தண்ணியில் ஒரு மிடறுக்கு மேல் குடிப்பதில்லை என்று சபதம் எடுத்தவள் போலத்தான் அவளுடைய மச்சாள், புருசனின் அக்கா அருமைநாயகி நடந்துகொண்டாள். ஒரு மிடறு குடிப்பாள். முகத்தைச் சுளிப்பாள். சோசரை எடுத்துக் கோப்பையை மூடி, மூடிய கோப்பையைக் கதிரைக்குக் கீழே தள்ளிவிடுவாள். லியோனைக் கட்டிக்கொண்டு யசிந்தா அரியாலைக்கு வந்த முதல் கிழமையில் தொடங்கிய இந்தப் பூசை, அவளுடைய மகள் கல்யாண வயதுக்கு வந்த பிறகும் ஒரு தரம்கூடத் தவறவில்லை.

"புகை மணக்குது. கேத்திலைக் கழுவிறேல்லையே?" என்று வேறு கேட்பாள்.

கேத்தில் பளபளவென்றுதான் இருந்தது. யசிந்தா குருநகரில் பிறந்தவள். அங்கே அவள் தாய் வீட்டில் மீன் வாட்டிய அடுப்பிலேயே, மூடி போடாத கேத்திலில், தண்ணி கொதிக்கும். விடியக் கடலால் வந்த ஆட்கள் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்து நிற்பார்கள். அவளுக்குப் புகையில்லாத தேத்தண்ணி வெறும் சுடுதண்ணி. யார் என்ன சொன்னாலும் கேத்திலுக்கு மூடி போடமாட்டாள். அப்படியொரு பிடிவாதம். ஆனாலும் மச்சாள் போன பிறகு, கதிரைக்குக் கீழே குனிந்து ஆறிப்போன கோப்பையை எடுத்து ஊற்றும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். அதை அவள் லியோனுக்கும் சொன்னதில்லை.

தொண்ணூறில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கிச் சாமான்களுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் மருந்துக்கும் இல்லை. ஊர் முழுக்க விறகடுப்புக்குத் திரும்ப, ஊர்த் தேத்தண்ணி முழுக்கப் புகை மணத்தது. அருமைநாயகி மட்டும் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த போத்தலில் இருந்து சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணெய்க் குக்கரடுப்பைப் பற்றவைத்தாள். கௌரவம் சும்மா வருமா?

அந்தக் காலத்தில்தான் யசிந்தாவின் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை பாசையூர்ப் பெடியன். தகப்பன் யாகோப்பு சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மனிசன். மாதா கோயிலில் தாலி கட்டி வீட்டுக்கு வந்து கேக் வெட்டியதும் பெண் வீட்டார் ஆளுக்கொரு கிளாஸ் வைன் கொடுப்பார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் முதலில் குடித்து மணமக்களை வாழ்த்துவார். அதுதான் அவர்களுடைய வழக்கம்.

சீனி இல்லாவிட்டாலும் கேக்குக்குப் பனங்கட்டி போட்டுச் சமாளித்துவிடலாம். வைனுக்கு எங்கே போவது? லியோன் அலைந்து திரிந்து பிடித்து வந்தது பனஞ்சாராயம். தொண்டையை அறுக்கிற சாமான். பெண்கள் கிட்டவும் வரமாட்டார்கள்.

கல்யாணக் கதை பேச யாகோப்பு வீட்டார் வந்திருந்த அன்று, சபை நிறைந்திருக்க, அருமைநாயகி தொடங்கினாள்.

"என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு நான் நல்ல வைன் குடுத்தனான். தம்பி, உன்ரை மனிசி என்ன குடுக்கப் போறா? புகைத் தேத்தண்ணியோ?"

எல்லாரும் சிரித்தார்கள். லியோன் நிலத்தைப் பார்த்தான். யசிந்தாவுக்குக் காது இரண்டும் கொதித்தன.

"ஓம் மச்சாள். அதைத்தான் குடுக்கப் போறன்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போன பிறகுதான் அவளுக்கு யோசனை வந்தது. யாகோப்பு கிளாஸைக் கீழே வைத்துவிட்டாரென்றால்? வாழப்போகிற வீட்டில் மகள் காலமெல்லாம் அந்தப் பகிடியைக் கேட்க வேண்டும். தன் ரோசத்துக்குப் பிள்ளையைப் பணயம் வைத்துவிட்டோமே என்று யசிந்தா தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி முடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள்.

முதல் தரம் புகையில் கொதித்த தேயிலைச் சாயத்துக்குள் சாராயத்தை ஊற்றி, தேசிக்காயைப் பிழிந்து லியோனிடம் நீட்டினாள். அவன் வாசலுக்கு ஓடித் துப்பினான்.

"சீ! கரிக்கோச்சி ரயிலின்ரை புகையைக் குடிச்ச மாதிரிக் கிடக்கு."

"கத்தாதையுங்கோ. பக்கத்து வளவிலை மச்சாளின்ரை காதிலை விழப்போகுது."

பிழை அவளுக்குப் பிறகு பிடிபட்டது. கொதிக்கிற தண்ணிக்குள் போன புகை கைத்துப்போகிறது. தேசிக்காய்ப் புளி சேர, அந்தக் கைப்பு இன்னும் தூக்குகிறது. அப்படியென்றால் புகையைக் குடிக்க வேண்டியது தண்ணியல்ல, பானை. சிரட்டைத் தணலில் காய்ந்த தோடம்பழத் தோலையும் துண்டுப் பனங்கட்டியையும் போட்டாள். புது மண்முட்டியை அதன் மேல் கவிழ்த்தாள். முட்டிக்குள் புகை சுழன்று சுழன்று மண்ணில் ஊறியது. முட்டியை நிமிர்த்தியதும் ஆறவைத்த சாயத்தை ஊற்றித் துணியால் வாயைக் கட்டினாள். கன நேரத்துக்குப் பிறகு சாராயம், பனங்கட்டிப் பாணி, தோடம்பழச் சாறு, கடைசியாகத் தேசிக்காய். லியோன் பயந்து பயந்து வாயில் வைத்தான். பிறகு கிளாஸைத் திருப்பித் தரவில்லை.

கல்யாணத்தன்று முட்டி விடியவே கயிற்றில் இறங்கிக் கிணற்றுக்குள் குளிர்ந்துகொண்டிருந்தது. ஐஸ் இல்லாத ஊரில் கிணறுதான் ஐஸ்பெட்டி. கேக் வெட்டியதும் யசிந்தா தானே கிளாஸ்களில் ஊற்றிக் கொண்டுவந்தாள். செம்பொன் நிறம். யாகோப்பு மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சபை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். யசிந்தா மனதுக்குள் செபமாலை மாதாவைக் கூப்பிட்டாள்.

"விடியக் கரைக்கு வந்து அடுப்படியிலை குந்தின மாதிரிக் கிடக்கு," என்றார் யாகோப்பு. "ஆர் செய்தது? இப்பிடி ஒண்டு நான் என்ரை சீவியத்திலை குடிக்கேல்லை. பிள்ளையள், நீங்கள் நல்லா இருக்க வேணும்!" என்று உரத்து வாழ்த்திவிட்டு, மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

சபை ஆரவாரித்தது. கிளாஸ்கள் திரும்பத் திரும்ப நீண்டன. யசிந்தாவின் கண்ணோ மச்சாளின் கையில். அருமைநாயகி ஒரு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். மூடுவதற்குச் சோசரைத் தேடினாள். கிளாஸுக்கு ஏது சோசர்? வேறு வழியில்லாமல் இன்னொரு மிடறு குடித்தாள். பிறகு இன்னொன்று. சனம் கலைந்த பிறகு யசிந்தா வழக்கம்போலக் கதிரைக்குக் கீழே குனிந்தாள். கிளாஸ் அங்கேதான் இருந்தது. துளியும் மிச்சமில்லாத வெறுங்கிளாஸ். அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மகளைக் கட்டிக் கொடுத்த சந்தோசத்தோடு இந்தச் சந்தோசமும் சேர்ந்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அதுக்குள்ளை என்ன போட்டனீ?" பின்னால் அருமைநாயகி நின்றாள்.

"புகை, மச்சாள்."

அடுத்த நாள் காலையில் யசிந்தாவுக்கு மனம் பெருத்துக் கிடந்தது. வென்றவள்தானே, போகட்டும், மூத்தவளுக்கு ஒரு நாளாவது விருப்பப்படி கொடுப்போம் என்று வாழ்க்கையில் முதல் தரமாகக் கேத்திலுக்கு மூடி போட்டாள். புகை அண்டாத தேத்தண்ணியை ஊற்றி, வந்திருந்த மச்சாளுக்கு மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அருமைநாயகி ஒரு மிடறு குடித்தாள். சோசரை எடுத்துக் கோப்பையை மூடினாள்.

"என்னடி இது, சுடுதண்ணி மாதிரி? புகையைக் காணேல்லை?"

யசிந்தா விறுக்கென்று திரும்பி நடந்தாள். குசினிக்குள் போய்க் கேத்தில் மூடியைத் தூக்கிக் கிணற்றடிப் பக்கம் எறிந்தாள். அது கல்லில் பட்டு எழுப்பிய சத்தம் அயல் வீடுகளுக்கும் கேட்டது.