டிரம்பெட் மாஸ்டர் கத்திக்கு மாறினார்

ஜெபக்குமாருக்கு வாரநாட்களில் தறிச்சத்தம், முகூர்த்த நாட்களில் டிரம்பெட். ராஜபாளையத்திலிருந்து தினமும் சத்திரப்பட்டிக்குப் போய் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்வார். கல்யாணம், சர்ச் திருவிழா, கோயில் கொடை என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தன் பேண்டு செட்டோடு வேன் ஏறிவிடுவார். தறிக்கூடத்தில் அவர் வெறும் ஜெபக்குமார். வேனில் ஏறிய நிமிடத்திலிருந்து மாஸ்டர்.

மாஸ்டர் என்றால் முகம் மழமழவென்று இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மீசைகூட வைத்துக்கொள்ளவில்லை. இருபது வயதில் கையில் எடுத்த ரேசரை ஒரு நாள்கூடக் கீழே வைத்ததில்லை. அவருடைய தாடி முடி மட்டும் அந்தக் கொள்கைக்கு ஒத்துவரவில்லை. சுருட்டை முடி. வழித்த மறுநாளே கழுத்திலும் தாடையிலும் பொரிப்பொரியாகக் கிளம்பிவிடும். கோட்டுக் காலர் உரசினால் எரியும். கீழுதட்டுக்கு அடியில் ஒன்று வந்துவிட்டால் தொலைந்தது. டிரம்பெட்டின் வாய் சரியாக அங்கேதான் வந்து அமுக்கும்.

வைகாசி முகூர்த்தம் ஒன்றில், ஸ்ரீவில்லிபுத்தூரில், அது நடந்தே விட்டது. மாப்பிள்ளை அழைப்பு. பெண் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். பாட்டின் உச்சத்துக்கு ஏறப்போன இடத்தில் ஜெபக்குமாருக்கு உதட்டடியில் சுரீரென்றது. டிரம்பெட் கன்றுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. ஆரத்தித் தட்டு பிடித்திருந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டாள். டிரம் அடிக்கிற பால்பாண்டி நிலைமையைப் புரிந்துகொண்டு உருட்டு உருட்டென்று உருட்டி, மிச்சப் பாட்டைத் தானே அடித்து முடித்தான்.

"மாஸ்டர், மாப்பிள்ளைக்கு வாசிச்சீயளா, மாட்டுக்கு வாசிச்சீயளா?" என்றான் அப்புறம்.

சாப்பாட்டு நேரத்தில் எதிரே இருந்த சலூனுக்குள் போய் உட்கார்ந்தார் ஜெபக்குமார். கடைக்காரர் தனுஷ்கோடி அவர் மோவாயை நிமிர்த்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ரேசர்ல ஒரே எடத்துல எத்தன தரம் இழுப்பீய?"

"வழுவழுன்னு ஆகுற வரைக்கும்."

"அதான். முடி தோலுக்குள்ளயே சுருண்டு படுத்துக்கிடுது. கத்தியில ஒரே இழுப்பு, முடி போற தெசையில. அம்புட்டுதான் வேணும்."

சுடுதண்ணீர்த் துண்டைச் செத்த நேரம் முகத்தில் போட்டு வைத்து, பொரிகளை விட்டு விலகி, கத்தியால் ஒரே சுற்று வழித்தார். படிகாரத்தைத் தடவி அனுப்பினார். ஜெபக்குமார் ஐந்து நாள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய பொரிகள் அமுங்கின. புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு இதே யோசனை. ராஜபாளையத்தில் சலூனுக்கா பஞ்சம்? ஆனால் முகூர்த்தத்தன்று கோழி கூவும் முன்னே வேன் ஏறுகிறவருக்கு எந்தச் சலூன் திறந்திருக்கும்? ரேசரை விட்டுவிட்டுத் தானே கத்திக்கு மாறிவிடலாமா? கழுத்து பிழைக்கும். ஆனால் கை நழுவி உதட்டில் பட்டுவிட்டால் அந்த சீசனே போய்விடும். தறி ஓடும்போதும் இதே கணக்குத்தான். வேனில் பேச்சை எடுத்தால் பால்பாண்டியிடம் பதில் தயாராக இருந்தது.

"நீங்க தாராளமா மாறுங்க மாஸ்டர். உதடு போனா நீங்க டிரம்ம எடுத்துக்கிடுங்க. நான் டிரம்பெட்டுக்கு வாரேன்."

இதைக் கேட்டதிலிருந்து அவருக்கு வீம்பு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் தனுஷ்கோடி முன்னால் நின்றார். தனுஷ்கோடிக்கு முதலில் சம்மதமில்லை.

"உதட்ட வச்சுப் பொழைக்கிற ஆளு நீங்க. எதுக்கு இந்த வெளையாட்டு?"

"பொழப்புக்காகத்தான் கேக்கேன்."

அதற்கு மேல் தனுஷ்கோடி மறுக்கவில்லை. மதுரையிலிருந்து ஒரு மடக்குச் சவரக்கத்தியும், அதைத் தேய்த்துத் தேய்த்துப் பதமாக்கத் தோல் பட்டை ஒன்றும் வரவழைத்துக் கொடுத்தார். கத்தியைச் சாய்த்துப் பிடிக்கிற விதம், தோலை இழுத்துப் பிடிக்கிற விதம் எல்லாம் காட்டினார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"எடுத்த எடுப்புல மூஞ்சில வைக்காதீய. ஒரு பலூன ஊதி, சோப்பு நுரையப் பூசி, பலூன் ஒடையாம வழிச்சுப் பழகுங்க. நாங்கல்லாம் அப்படித்தான் படிச்சோம்."

டிரம்பெட் ஊதுகிறவருக்குப் பலூன் ஊதுவதில் என்ன கஷ்டம்? ஒரு பாக்கெட் வாங்கிவந்து, வீட்டு முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முதல் பலூன் கத்தி தொட்டதுமே டப்பென்று வெடித்து, நுரை முழுவதும் அவர் மூக்குக்கண்ணாடி மேல் அப்பியது. இரண்டாவது பாதி வரை வந்து வெடித்தது. உள்ளே தையல் மிஷினில் நைட்டி தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஹெப்சிபா ஒவ்வொரு வெடிக்கும் மிஷினை நிறுத்தி, பிறகு மறுபடி மிதித்தாள். நாலாவது வெடிக்குப் பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்னண்ணே, வீட்ல விசேசமா? சொல்லவே இல்ல?"

"சவரம் பண்ணுதேன்மா."

காளீஸ்வரி அவர் கையிலிருந்த கத்தியையும் தொடையில் கிடந்த பலூன் கிழிசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஹெப்சிபா கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க வெளியே வந்தாள். "இங்கன கொண்டாங்க," என்று கத்தியை வாங்கினாள். பலூனை மடியில் வைத்து இடது கையால் அணைத்துக்கொண்டு, துணியில் சாக்பீஸ் கோடு போடுவதைப் போல மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. துடைத்துவிட்டு இன்னொரு இழுப்பு. நுரை எல்லாம் போனது. பச்சைப் பலூன் அவள் மடியில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"அம்புட்டுதான?" என்று கத்தியை மடக்கிக் கொடுத்துவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது ஜெபக்குமார் தானாகவே துணிந்து கன்னத்தில் கத்தியை வைத்தார். காதுக்குக் கீழே கோடு கிழித்ததுபோல ரத்தம். சின்னக் காயம்தான், ஆனால் நிற்பேனா என்றது. தறியிலிருந்து கொண்டுவந்த துண்டுத் துணியை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவரை, திரும்பி வந்த ஹெப்சிபா பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் கட்டுத்துணி நெய்யுத ஆளு. நமக்கும் ஒண்ணு வேணும்ல," என்றாள். பிறகு குரலை இறக்கி, "எங்கிட்ட கேட்டா கொறஞ்சா போயிருவீய?" என்றாள்.

அவருக்குக் கேட்கத் தெரியவில்லை, அதுதான் உண்மை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கோட்டைத் தைத்தவள், பட்டன் கட்டியவள் அவள்தான். இருந்தாலும் தன் தொண்டைக்குழியில் கத்தியை வை என்று ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்? சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் மகாராஜபுரத்தில் கல்யாண வாசிப்பு இருக்கும்போது, ஸ்டூலைத் தானே கொண்டுபோய் முற்றத்தில் வெளிச்சம் பார்த்துப் போட்டார். சுடுதண்ணீரும் துண்டும் எடுத்து வைத்தார்.

"ஏட்டி ஹெப்சி, செத்த வா."

அவள் வந்தாள். நுரையைப் பூசினாள். இரண்டு விரலால் அவர் கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்தாள். கத்தி தோலில் பட்டதும் ஜெபக்குமார் மூச்சை அடக்கிக்கொண்டார். சொரசொரவென்று மெல்லிய சத்தம், அவ்வளவுதான். ஒரு பக்கம் முடிந்தது. அவள் தளவாய்புரத்து நைட்டி ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே அடுத்த பக்கத்துக்கு வந்தாள்.

"பேசாம செய்யேன்," என்றார் பல்லைக் கடித்தபடி.

"பேசலைன்னா எனக்குப் பயமா இருக்கும்."

"உனக்குப் பயமா?"

"பின்ன? கழுத்து யாருது?"

அவருக்கு உதடு துடித்தது. அவர் மூக்கு நுனியில் ஒட்டியிருந்த நுரையை அப்போதுதான் பார்த்தாள் ஹெப்சிபா. சிரிப்பு பீறிட்டு வந்தது. கத்தியை மடக்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாதி முகத்தில் நுரையோடு அவரும் சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் காளீஸ்வரி யாரிடமோ, "அண்ணனும் மைனியும் என்னமோ பண்ணுதாக," என்று சொல்வது கேட்டது. அதைக் கேட்டதும் சிரிப்பு இன்னும் மோசமாகிவிட்டது. இரண்டு பேரும் அடங்கி, அவள் மறுபடி கத்தியைத் தொட வெகுநேரம் ஆனது.

உதட்டருகே வந்ததும் ஹெப்சிபா நிறுத்திவிட்டாள்.

"இந்த எடம் மட்டும் உங்க ரேசர்லயே எடுத்துக்கிடுங்க. லேசா, ஒரே இழுப்பு. இது நம்ம சோறு. நான் தொட மாட்டேன்."

அவர் தலையாட்டினார். இத்தனை நாள் தறியடியில் நின்று யோசித்து முடிவுக்கு வராத விஷயத்தை அவள் அங்கேயே முடித்துவிட்டாள்.

மகாராஜபுரத்தில் மறுநாள் வெயில் சரியான வெயில். காலருக்குள் வேர்வை ஓடியது, ஆனால் எரியவில்லை. உச்சத்துக்கு ஏறுகிற இடம் வந்தபோது பால்பாண்டி முன்னெச்சரிக்கையாக டிரம் குச்சியை ஓங்கி வைத்துக்கொண்டு மாஸ்டர் முகத்தைப் பார்த்தான். தேவைப்படவில்லை. டிரம்பெட் ஏறியது, நின்றது, அங்கேயே கொஞ்சம் விளையாடிவிட்டு இறங்கியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஊர்வலத்தை நிறுத்தி, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தார். கூட இருந்த சிறுசுகளெல்லாம் தெருப்புழுதியில் ஆடின. தாய்மாமனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் அந்த ஏற்பாடுதான். மற்ற நாட்களில் ரேசர், அதுவும் ஒரே இழுப்பு. எப்போதாவது ஒரு பொரி தலைகாட்டும். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாதம் ஒரு முறை கத்தியைத் தீட்டிக்கொள்ள தனுஷ்கோடியிடம் போவார். போன தடவை தனுஷ்கோடி அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கைப்பழக்கம் வந்துருச்சே அண்ணாச்சி," என்றார்.

"எங் கை இல்ல. வீட்டுக்காரி கை."

தனுஷ்கோடி நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து இன்னொரு தரம் பார்த்தார். "தேரோட்ட சமயம் கடையில கூட்டம் தாங்காது. ஒத்தாசைக்கு அவியள வரச் சொல்லுங்க," என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து ஜெபக்குமார் அதை அப்படியே சொன்னார். ஹெப்சிபா மிஷினிலிருந்து நிமிரவில்லை. ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நைட்டியின் கை முழுவதும் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"கடை போர்டுல எம் பேரையும் போடுவாவளான்னு கேட்டுட்டு வாங்க."